ஆராய்ச்சி மணியை அடித்தவர்: ருக்மணி தேவி அம்மையாரின் உயிர்நலப் பணி



திருவாரூரில் ஆட்சி புரிந்த மனுநீதிச் சோழனின் கதையை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அரசிளங்குமரனின் தேர்க்காலில் ஒரு பசுங்கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று தன் கொம்பினால் ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டு நீதி வழங்கினான். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இந்த வரலாற்றைப் பாடியிருக்கிறார். இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மன்னனின் நெஞ்சுரத்தையே வியந்து பேசுவார்கள். இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். ஒரு பசு வந்து அடிக்கக்கூடிய உயரத்தில் அந்த மணி கட்டப்பட்டிருந்தது. குறை சொல்ல வரும் உயிர் பேசும் உயிராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அரண்மனையில் விதி இருக்கவில்லை.

கதையில் இருந்த அந்த மணி, பிற்கால அரசுகளின் வாயிலில் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அதை இந்திய நாடாளுமன்றத்தில் கட்டி வைக்க முயன்றவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நாட்டியக் கலைஞர் என்றும், கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்றும் உலகம் அறிந்த திருமதி ருக்மணி தேவி அருண்டேல்தான் அவர். அவர் வாயில்லா உயிர்களுக்காகப் பேசியும் எழுதியும் சட்டம் செய்தும் ஆற்றிய பணியைப் பற்றி இன்றைய உரையில் பார்ப்போம்.

உயிர்களிடத்து அன்பு என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. திருவள்ளுவர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடலூர் இராமலிங்க அடிகள் அதையே தம் சமய நெறியின் அடித்தளமாக ஆக்கினார். மனுநீதிச் சோழன் கதையையே அவர் 1854ல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்ற உரைநடை நூலாக எழுதினார். 1867ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிப் பசித்தவர்க்கெல்லாம் சோறு இட்டார். சீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்றார். தெய்வத்தின் பெயரால் உயிர்ப்பலி இடுவதைக் கண்டித்தார். ஆயினும் அவர் பேசியது மனிதனின் மனத்தோடு. மனம் இளகியவன் திருந்தினான். இளகாதவன் வீட்டு மாட்டுக்கு அந்த உபதேசத்தால் பயன் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹென்றி சால்ட் என்ற எழுத்தாளர் இந்தக் கேள்வியை வேறு விதமாக எழுப்பினார். சால்ட் 1851ல் பிறந்தது இந்தியாவில், இமயமலை அடிவாரத்து நைனிதாலில். ஈட்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர் 1884ல் அந்த வேலையை விட்டுவிட்டு, எளிய வாழ்வும் எழுத்துமாக இருந்தார். 1892ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'விலங்குகளின் உரிமைகள்' என்று அமைந்தது. விலங்கின்மீது இரக்கம் காட்டுவது மனிதனின் பெருந்தன்மை அன்று. மனிதனுக்கு உரிமை உண்டு என்றால் விலங்குக்கும் உண்டு என்பது அவர் வாதம். இரக்கம் என்பது கொடுப்பவன் விருப்பம். உரிமை என்பது மறுக்க முடியாதது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நூலாக எழுதி நிலைநாட்டியவர்களில் சால்ட் முதன்மையானவர்.

காந்தியடிகள் லண்டனில் சட்டம் படித்தபோது, ஒரு சைவ உணவகத்தில் சால்ட் எழுதிய மற்றொரு சிறு நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் படித்தார். அதுவரை தாயாருக்குக் கொடுத்த வாக்குறுதிக்காகவே புலாலை விலக்கியிருந்த அவர், அதன்பின் தம் சொந்த முடிவாகவே விலக்கினார். 1931ல் காந்தியடிகள் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பேசியபோது, முதியவராகிவிட்ட சால்ட் அதே மேடையில் வீற்றிருந்தார் என்பதும் வரலாறு.

சால்ட்டின் நண்பர் பெர்னார்ட் ஷா. ஷாவோடு லண்டனில் சமதர்ம இயக்கத்தில் பணியாற்றியவர் அன்னி பெசன்ட். இந்த அன்னி பெசன்ட் அம்மையார்தான் 1893ல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவரானார். விலங்குகளை அறுத்துச் சோதனை செய்வதை அவர் எதிர்த்தார். சைவ உணவை வலியுறுத்தினார். அவருடைய நிழலில் வளர்ந்தவர்தான் நம் ருக்மணி தேவி. ஆகவே வள்ளலார் வாழ்ந்த தமிழ் மண்ணின் உயிரிரக்கமும், லண்டனில் பிறந்த உரிமைக் கருத்தும் அடையாற்றில் ஒருங்கே அவரை வந்தடைந்தன என்று சொல்லலாம்.

ருக்மணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். 1920ல், தம் பதினாறாம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை ருக்மணி தேவி மணந்தார். அவர் தம்மைவிட இருபத்தைந்து ஆண்டு மூத்தவர். சென்னைச் சமூகம் இந்தத் திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தது. ஊராரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு தாம் சரி என்று நம்பியதைச் செய்வது எப்படி என்பதை அவர் அப்போதே கற்றுக்கொண்டார்.

ரஷ்ய நாட்டியக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நாட்டியத்தின் பக்கம் திருப்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடை ஏறினார். அந்நாளில் சதிராட்டம் தேவதாசிக் குலத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிறர் ஆடுவது அவமானம் என்று கருதப்பட்டது. 1936ல் கலாக்ஷேத்திரா தோன்றியது. அவருடைய கலைப்பணி தனி உரைக்கு உரியது. இன்றைய பொருளுக்கு வருவோம்.

1952ல் இந்திய மாநிலங்கள் அவை முதன்முதலாக அமைந்தபோது, ருக்மணி தேவி அதன் நியமன உறுப்பினராக அமர்த்தப்பட்டார். கலைஞர் என்ற முறையிலேயே அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. கலைக்காக மானியம் கேட்பார், கலைக்கூடம் கேட்பார் என்றே பலரும் எண்ணியிருப்பர். அவரோ 1953ல் விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார்.

அப்போது நடப்பில் இருந்தது ஆங்கில ஆட்சி 1890ல் இயற்றிய சட்டம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் வீட்டு விலங்கு அல்லது பிடிபட்ட விலங்கு மட்டுமே. அரசாங்கம் அறிவித்த ஊர்களில்தான் அது செல்லும். அதாவது, ஒரு மாடு பட்டணத்துச் சாலையில் அடிபட்டால் அது குற்றம். அதே மாடு சட்டம் எட்டாத கிராமத்தில் அடிபட்டால் குற்றம் ஆகாது. வலிக்கு இப்படிப்பட்ட எல்லை உண்டா?

அவையில் அம்மையாரின் பேச்சு உறுப்பினர்களின் நெஞ்சைத் தொட்டது. பிரதமர் ஜவஹர்லால் நேரு அதன் நோக்கத்தைப் பாராட்டினார். ஆனால் மசோதாவை அப்படியே ஏற்க அரசு தயாராக இல்லை. ஒரு குழு அமைத்து இப்பொருளை ஆராய்ந்து, அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறினார். அந்த உறுதிமொழியை நம்பி 1954ல் அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் உறுதிமொழிகள் எத்தனையோ காற்றில் போவதுண்டு. ஆய்வுக் குழு என்றாலே காலம் கடத்தும் வழி என்று சொல்பவர்களும் உண்டு. தம் மசோதாவைப் பிடிவாதமாக வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் அது தோற்றிருக்கும். அவருடைய பெயர் மட்டும் வீரமாக நின்றிருக்கும். அம்மையார் தம் பெயரைப் பார்க்கவில்லை, பயனைப் பார்த்தார். அதன்பின் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை. பேசினார், எழுதினார், கேட்டுக்கொண்டே இருந்தார். 1955 முதல் அனைத்துலக சைவ உணவுச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1957ல் உலக சைவ உணவு மாநாடு இந்தியாவில் கூடியது. கடைசியில் 1960ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

இந்தச் சட்டம் என்ன சொல்கிறது? முதலாவதாக, விலங்கு என்றால் மனிதன் அல்லாத எந்த உயிரும் என்று அது பொருள் கூறுகிறது. வீட்டு விலங்கு என்ற பழைய எல்லை நீங்கியது. இரண்டாவதாக, விலங்கை வைத்திருப்பவனுக்கு அதன் நலத்தைக் காக்கும் கடமை உண்டு என்கிறது. மூன்றாவதாக, எவையெவை வதை என்று பட்டியல் இடுகிறது. அடித்தல், மிகையான பாரம் ஏற்றுதல், நோயுற்ற விலங்கை வேலை வாங்குதல், உணவும் நீரும் கொடாதிருத்தல், அசைய முடியாதபடி கட்டி வைத்தல், காரணம் இன்றிக் கைவிடுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. பால் அதிகம் கறக்க வேண்டி மாட்டின் உறுப்புக்குள் காற்றையோ வேறு பொருளையோ செலுத்தும் கொடிய வழக்கத்துக்கு 1,000 ரூபாய் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.

இச்சட்டத்தின் சிறப்பான பகுதி, விலங்கு நல வாரியம் ஒன்றை அது அமைத்ததே ஆகும். 1962ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வாரியம் தோன்றியது. ருக்மணி தேவி அதன் முதல் தலைவர். வாரியத்துக்குச் சட்டம் வகுத்த பணிகளைப் பார்த்தால் அதன் நோக்கு புரியும். இழுக்கும் மாட்டுக்குச் சுமை குறையும்படி வண்டியின் அமைப்பைத் திருத்த ஆலோசனை கூற வேண்டும். கொட்டகைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் மருத்துவ உதவியும் கிடைக்க வழி செய்ய வேண்டும். இறைச்சிக் கூடங்களில் தேவையற்ற வலியைக் குறைக்க வேண்டும். சொற்பொழிவு, நூல், சுவரொட்டி, திரைப்படம் ஆகியவற்றால் மக்களுக்கு அறிவு புகட்ட வேண்டும். தண்டிப்பதற்கு முன் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. வண்டிக்காரன் கெட்டவன் அல்லன்; அவன் வண்டி கெட்ட வண்டி என்று ஒப்புக்கொள்ளும் சட்டம் இது.

ஆனால் சட்டத்தில் குறைகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு அம்மையாரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சாதாரண வதைக்கு, முதல் முறைக் குற்றமானால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். 1960ல் அது ஏழை வண்டிக்காரனுக்குப் பெரும் தொகை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தொகை உயரவே இல்லை. இன்று அது ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலை. விலங்குகள்மீது நடத்தப்படும் ஆய்வுச் சோதனைகளைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரு குழுவின் மேற்பார்வையில் வைத்ததோடு நின்றது. சமய வழக்கப்படி விலங்கைக் கொல்வது குற்றம் ஆகாது என்று 28ஆம் பிரிவு விலக்கு அளித்தது. உயிர்க்கொலையே கூடாது என்ற அம்மையாருக்கு இது உவப்பாக இருந்திருக்க முடியாது. எனினும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, கிடைக்காததற்காக உழைத்தார். வாரியத் தலைவர் பொறுப்பை 1986 பிப்ரவரி 24ல் தம் இறுதி மூச்சு வரை சுமந்தார். 1977ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த விரும்பியபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு, 1978ல், ஆய்வுக்கூடங்களுக்காகக் குரங்குகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு நிறுத்தியது. வாரியத்தின் தலைமையகம் 2018ல் அரியானா மாநிலத்துக்கு மாற்றப்படும் வரை சென்னையிலேயே இருந்தது.

சட்டம் மக்களின் வழக்கத்தோடு மோதும்போது என்ன நேர்கிறது என்பதற்கும் தமிழ்நாடே பாடமாக உள்ளது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1950லேயே வந்துவிட்டது. ஆனால் கிராமத்து மக்கள் தங்கள் குலதெய்வத்துக்குக் கடா வெட்டுவதை விடவில்லை, அதிகாரிகளும் கண்டுகொள்ளவில்லை. 2003ல் அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு முயன்றது. எங்கள் சாமி கும்பிடும் முறை மட்டும்தான் குற்றமா, இறைச்சிக் கடையில் வெட்டுவது குற்றம் இல்லையா என்று எளிய மக்கள் கேட்டனர். 2004ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஜல்லிக்கட்டு வழக்கும் இப்படிப்பட்டதே. அம்மையார் வளர்த்த வாரியம் தொடுத்த வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017ல் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 2023ல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் நாம் அறிந்தவை. காளையை அன்போடு வளர்க்கிறவன் ஒரு பக்கம். காளை படும் வலியைச் சொல்கிறவன் மறுபக்கம். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும்போதுதான் காளைக்கு நன்மை. திணிக்கப்பட்ட சட்டம் நிற்பதில்லை என்பது இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நேயர்களே, இவையெல்லாம் தமிழ்நாட்டுச் செய்திகள். கோலா கெடாவிலும் அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் மாநிலத்தின் வரலாற்றிலும் மனிதனோடு சேர்ந்து உழைத்த உயிர்கள் உண்டு. கெடா - கிளந்தான் என்று நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய நாட்டு மாட்டினம் ஒன்று உள்ளது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தபோது இந்திய மாடுகளும் உடன் வந்தன. அவற்றின் வழிவந்த பால்மாடுகளை உள்ளூர் இந்தியக் கறவையினம் என்றே கால்நடைத் துறையினர் அழைக்கின்றனர். பால்மரத் தோட்டங்களில் காலையில் மரம் வெட்டிவிட்டு, மாலையில் லயத்துக்குப் பின்னால் மாடு கறந்து, அந்தப் பால் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் எத்தனை பேர்! அந்த மாடுகளும் குடும்பத்தின் கடனை அடைத்த உறுப்பினர்களே. கெடாவின் நெல்வயல்களில் எருமைகள் ஏர் இழுத்தன. மூடா நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து 1970ல் இருபோக விளைச்சல் தொடங்கியபின், உழவு இயந்திரங்கள் வந்தன. எருமைகள் மெல்ல மறைந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டும் போனபோது, மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மாட்டுக்கு அங்கே தொழுவம் இல்லை, நாய்க்கு அங்கே வாசல் இல்லை. இடம்பெயர்ந்த மனிதரின் துயரத்தைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். லயத்து வாசலில் விடப்பட்ட உயிர்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. சாலையோரம் மெலிந்து திரியும் மாடும், சந்தையில் எலும்புக்கு அலையும் நாயும் அந்தக் கதையின் மிச்சங்கள் எனலாம்.

இங்கும் சட்டம் உண்டு. 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படி, வதைக்கு 200 வெள்ளி அபராதமும் ஆறு மாதச் சிறையும் உச்சத் தண்டனையாக நெடுங்காலம் இருந்தன. இன்று நடப்பில் உள்ளது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். வதை செய்தவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் உண்டு. விலங்கு நல வாரியம் ஒன்றையும் இச்சட்டம் ஏற்படுத்தியது. தண்டத் தொகையில் மலேசியச் சட்டம் இந்தியச் சட்டத்தைவிடப் பன்மடங்கு கடுமையானது.

நாய்களின் பெருக்கத்துக்கும் கொலை அல்லாத வழி உண்டு என்பதைச் சென்னை காட்டியது. அங்கே கேப்டன் சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதே வழி என்று வலியுறுத்தி வந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2001ல், அதுவே இந்திய நாட்டின் விதியாயிற்று. இங்கும் நாயைக் கைவிடாமல், காலத்தில் கருத்தடை செய்து வளர்ப்பது ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடிய காரியம்.

ஒரு பசு தானாக வந்து மணி அடித்த காலம் திருவாரூர்க் கதையோடு முடிந்துவிட்டது. இன்றைய சட்டத்தின் மணியை மனிதன் ஒருவன்தான் அடித்தாக வேண்டும். கண்ட கொடுமையைக் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவிப்பவன் வேண்டும். கட்டிப் போட்ட மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று அண்டை வீட்டுக்காரனிடம் பகையில்லாமல் கேட்பவன் வேண்டும். இல்லாவிட்டால் சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கும், மாடு வெயிலில் இருக்கும். ருக்மணி தேவி அம்மையார் நாடாளுமன்றத்தில் தமக்குக் கிடைத்த ஆசனத்தை வாயில்லா உயிர்களுக்காகப் பயன்படுத்தினார். நமக்கு அத்தகைய ஆசனம் இல்லை. ஆனால் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது. வாயில்லா உயிருக்கு அவ்விரண்டையும் சற்றே இரவல் கொடுப்போம்.